பழத்து வாசனையை எப்படிப் புடிக்கிறது: பிழியவா, காய்ச்சவா, ஊறப்போடவா?

சோப்பு போடுறவங்க, சர்பத் காய்ச்சுறவங்க, ஊதுபத்தி உருட்டுறவங்கன்னு தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் நம்ம கடற்கரை ஓரமா வீட்லயே சின்னதா தொழில் பண்றவங்க இப்ப நிறைய பேரு இருக்காங்க. அவங்க கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், பழத்து வாசனையை எடுக்க எந்த மெஷின் வாங்கலாம், எவ்வளவு ஆகும். யூடியூப்ல ஒருத்தர் செம்புப் பானையில காய்ச்சுறாரு, இன்னொருத்தர் பாட்டில்ல ஊறப்போடுறாரு, வேற ஒருத்தர் கார்பன் டை ஆக்சைடுன்னு பெரிய டேங்க்கை காட்டுறாரு, பாக்குறவங்களுக்கு தலை சுத்துது. மெஷினை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பழத்தைப் பாருங்க. வாசனை அந்தப் பழத்துல எந்த எடத்துல இருக்கு, எவ்வளவு இருக்கு, சூடு பட்டா அது என்ன ஆகும். இது தெரிஞ்சிருச்சுன்னா எந்த முறைன்னு கேக்கவே வேண்டியதில்ல, தானா புரிஞ்சிரும். தெரியாம வாங்குன மெஷின் திண்ணையில கிடந்து துருப்பிடிக்கும், நம்ம ஊரு உப்புக் காத்துக்கு அது ரொம்ப நாள் எடுக்காது.

வாசனைன்னா என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடுறேன். பழத்துல இருக்குற சீனி, புளிப்பு, கசப்பு, நிறம் இதெல்லாம் காத்துல பறக்காது, அதனால மூக்குக்கு வராது. பறக்குற சின்னச் சின்ன மூலக்கூறுகள்தான் மூக்குக்குள்ள போகும், அதைத்தான் நம்ம வாசனைன்னு சொல்றோம். வாழைப்பழத்துக்கு முக்கியமா ஐசோஅமைல் அசிடேட்னு ஒரு எஸ்டர் (எஸ்டர்னா அமிலமும் ஆல்கஹாலும் சேந்து உண்டாகுற பொருள்), எலுமிச்சைக்கு லிமோனீன், சிட்ரால், மாம்பழத்துக்கு டெர்பீன் வகைகளும் லாக்டோனும் ஃபுரானியாலும்னு ஒரு பெரிய கூட்டம். ஒரே பழத்துல நூத்துக்கணக்குல கூட இருக்கும், ஆனா மூக்குக்கு நெசமா தட்டுப்படுறது அதுல கொஞ்சம்தான். சில எஸ்டர்கள் தண்ணியில நூறு கோடியில ஒரு பங்கு கலந்திருந்தாக்கூட மூக்கு கண்டுபிடிச்சுரும். இதை மனசுல வச்சுக்கங்க, ஏன்னா வாசனை பலமா அடிக்குதுன்னா அந்தப் பொருள் நிறைய இருக்குன்னு நம்ம நினைச்சுக்கிறோம், அப்படிக் கிடையாது.

இப்ப பழங்களை ரெண்டு சாதியா பிரிச்சுக்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, நார்த்தங்காய் இந்தக் குடும்பம் வாசனையை எண்ணெயாவே செஞ்சு தோலுக்குள்ள பை பையா சேத்து வச்சிருக்கும். மாம்பழம், வாழைப்பழம், கொய்யா, பலா, பனம்பழம், நாவப்பழம் இதுங்க அப்படி சேத்து வைக்காது. பழுக்குற நேரத்துல சதைக்குள்ள எஸ்டரும் மத்ததும் உருவாகும், உருவாக உருவாக காத்துல போய்க்கிட்டே இருக்கும், சதையில மிச்சம் இருக்குறது தண்ணியோட கரைஞ்சு கிடக்கும். ஒரு கிலோ சதையில மொத்த வாசனைப் பொருளையும் கூட்டுனா மில்லிகிராம் கணக்குதான் வரும், ஒரு கிராம் கூட தேறாது. அதனாலதான் எலுமிச்சை எண்ணெய்னு கடையில நெசமாவே ஒண்ணு இருக்கு, மாம்பழ எசென்ஷியல் ஆயில், வாழைப்பழ எசென்ஷியல் ஆயில்னு சின்ன பாட்டில்ல மலிவா விக்கிறது சதையில இருந்து வடிச்ச எண்ணெயா இருக்க வழியே இல்ல. அது தொழிற்சாலையில செஞ்ச வாசனைக் கலவை. செயற்கைங்கறதால கெட்டதுன்னு நான் சொல்ல வரல, வாழைப்பழ எசன்ஸ்ல இருக்குற ஐசோஅமைல் அசிடேட்டும் பழத்துல இருக்குறதும் அச்சு அசல் ஒரே மூலக்கூறுதான், ஆனா பேரை மாத்திச் சொல்லி விக்கிறது தப்பு, வாங்குறவங்க இதைத் தெரிஞ்சுதான் வாங்கணும்.

சரி, முதல்ல பிழியுற முறை. எனக்குக் கேட்டா புதுசா கத்துக்குறவங்க இதுல இருந்துதான் ஆரம்பிக்கணும், செலவே இல்ல. ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து தோலை வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு கிட்டத்துல பாருங்க, ஊசி குத்துன மாதிரி புள்ளி புள்ளியா தெரியும், ஒவ்வொண்ணும் ஒரு எண்ணெய்ப் பை. கரண்ட் இல்லாத நேரத்துல ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சு, தோலை ஒரு சீவு சீவி, வெளிப்பக்கம் சுடரைப் பாக்குற மாதிரி மடக்கி அமுக்குங்க, சட்டுன்னு பொறிப் பொறியா பத்திக்கும். தண்ணியா இருந்தா பத்துமா, அது எண்ணெய், அதுல அதிகமா இருக்குறது லிமோனீன். அந்தப் பை எல்லாம் மேல் தோல்லதான் இருக்கு, அதுக்குக் கீழ வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்குற பகுதியில வாசனை கிடையாது, கசப்புதான் இருக்கு. அதனால சீவும்போது மேலாக்க சீவணும்.

பழைய காலத்துல சிசிலித் தீவுல தோலை பாதியா வெட்டி கடல் பஞ்சு மேல வச்சு கையால அமுக்கி எண்ணெய் எடுத்திருக்காங்க, இப்ப மெஷின்ல தோலைக் கீறி தண்ணி பீச்சி அப்புறம் சுழல விட்டு பிரிக்கிறாங்க. நம்ம வீட்டுக்கு இதெல்லாம் வேணாம், சீனி போதும். பத்துப் பழத்துத் தோலை மேலாக்க சீவி, நூறு கிராம் சீனியைப் போட்டு கையால நல்லா கசக்கி, மூடி போட்டு நாலஞ்சு மணி நேரம் விட்டுருங்க. சீனியோட ஓரம் எண்ணெய்ப் பையைக் கிழிக்கும், தோல்ல இருக்குற ஈரத்தையும் உறிஞ்சும், தொறந்து பாத்தா சீனி ஈரமணல் மாதிரி ஆகி மஞ்சப் பச்சையா இருக்கும், மூக்கைக் கிட்ட கொண்டு போனா தலைக்கு ஏறும். அதுல அந்தப் பழச்சாறையே ஊத்திக் கரைச்சு வடிகட்டினா, கடையில வாங்குற எந்த சர்பத்தும் கிட்ட வராது. நன்னாரி சர்பத் போடுறவங்க தயவுசெஞ்சு எலுமிச்சைத் தோலைத் தூக்கிப் போடாதீங்க, வாசனையில பெரும்பங்கு அந்தக் குப்பையிலதான் போகுது, டம்ளர்ல விழுறது புளிப்பு.

பிழிஞ்ச எண்ணெயில ஒரு ஆபத்தும் இருக்கு, நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். எலுமிச்சைத் தோல்ல ஃபுரனோகூமரின்னு ஒரு வகைப் பொருள் இருக்கு, அது நம்ம உடம்புத் தோல்ல பட்டு அதுக்கு மேல வெயில் பட்டா தீப்பட்ட மாதிரி கொப்புளம் வரும், அப்புறம் மாசக்கணக்குல கருப்பாத் தழும்பு நிக்கும். பிழியுற முறையில அது எண்ணெயோட சேந்து வந்துரும். காய்ச்சி வடிக்கிற முறையில அது ஆவியாகாது, பானையிலயே தங்கிரும். அதனால பிழிஞ்ச எலுமிச்சை எண்ணெயை உடம்புல தேய்க்கிற எண்ணெயிலயோ க்ரீம்லயோ போட்டு வித்துராதீங்க, ராமேஸ்வரம் வெயில்ல அதைப் பூசிக்கிட்டு நடந்தா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. பழத்தைப் பிழிஞ்ச கையோட வெயில்ல போறவங்களுக்கும் இதே கதைதான், சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் போங்க.

அடுத்து காய்ச்சி வடிக்கிறது. இதுல எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும், வரணும். லிமோனீன் 176 டிகிரியில கொதிக்கும், தண்ணி 100 டிகிரி தாண்டாது, அப்ப தண்ணியோட சேத்துக் கொதிக்க வச்சா எண்ணெய் எப்படி மேல வரும்? ஒண்ணோட ஒண்ணு கலக்காத ரெண்டு திரவம் ஒரே பானையில இருந்தா, ரெண்டும் தனித்தனியா ஆவி அழுத்தம் குடுக்கும், ரெண்டு அழுத்தமும் கூடி வெளிக் காத்தோட அழுத்தத்தைத் தொட்டுருச்சுன்னா கொதி வந்துரும். கரைவலையை ரெண்டு கயித்துப் பக்கமும் ஆளுங்க சேந்து இழுக்குற மாதிரி, தண்ணி பெரும் பங்கு இழுக்கும், எண்ணெய் தன்னால ஆனதை இழுக்கும். அதனால லிமோனீனும் தண்ணியும் சேந்து 100க்கும் கொஞ்சம் கீழ, 97, 98 டிகிரி வாக்குலயே வந்துரும். வந்த ஆவியைக் குளிர வச்சா தண்ணி கீழயும் எண்ணெய் மேலயும் நிக்கும், மேல இருக்குறதை எடுத்துக்கலாம். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ்ல அத்தர் காய்ச்சுறதுக்கும் அடிப்படை இதுதான், அங்க ஆவி போய் இறங்குற பாத்திரத்துல சந்தன எண்ணெய் இருக்கும், வாசனையை அது வாங்கி வச்சுக்கும்.

ஆனா காய்ச்சுனா வாசனை மாறும், இதை யாரும் தெளிவாச் சொல்றதில்ல. எலுமிச்சையையே எடுத்துக்கங்க. நம்ம ஊரு சந்தைக்கு வர்ற சின்ன எலுமிச்சை இருக்குல்ல, இந்த வகையை மெக்சிகோ பக்கம் சாறோட சேத்து அரைச்சுக் காய்ச்சி எண்ணெய் எடுக்குறாங்க. சாறுல இருக்குற அமிலமும் சூடும் சேந்து சிட்ராலைச் சிதைச்சு, வேற வேற மூலக்கூறா மாத்திரும், டெர்பினியால்னு ஒண்ணு நிறைய வரும். பிழிஞ்ச எண்ணெய் புதுசா சீவுன தோல் மாதிரி பச்சையா இருக்கும், காய்ச்சுனது கூல்ட்ரிங்க்ஸ்ல வர்ற லைம் வாசனையா இருக்கும், ஏன்னா கூல்ட்ரிங்க்ஸ் கம்பெனிகளுக்குப் பிடிச்சது இந்தக் காய்ச்சுன எண்ணெய்தான். ஒரே பழம், ஒரே தோல், ரெண்டு வாசனை. இதுல எது ஒசத்தின்னு கேட்டா சர்பத்துக்குப் பிழிஞ்சது, சோப்புக்கும் உடம்புல பூசுறதுக்கும் காய்ச்சுனது, இதுதான் என் கணக்கு.

இப்ப மாம்பழச் சதையைப் போட்டுக் காய்ச்சுறோம்னு வைங்க. முதல்ல எண்ணெய்னு ஒரு படலமே வராது, வந்த தண்ணியிலதான் வாசனை கரைஞ்சிருக்கும், பாக்குறவங்க ஏமாந்து போய்ருவாங்க. ரெண்டாவது, மணிக்கணக்கா கொதிக்கும்போது சீனியும் புரதமும் சேந்து புது வாசனைகளை உருவாக்கும், மாம்பழத்துக்குப் பதிலா மாம்பழ ஜாம் வாசனை வரும், சட்டியில அடிபுடிச்சா தீய்ஞ்ச வாடையும் கூட வரும். ஃபுரானியால் மாதிரி தண்ணியை விட்டு வர மனசில்லாத பொருள்கள் பானையிலயே நின்னுரும். இருந்தாலும் ஒரு வழி இருக்கு, வடியுற தண்ணியில முதல்ல வர்ற பத்துல ஒரு பங்கை மட்டும் தனியா புடிச்சு வச்சுட்டு மிச்சத்தை விட்டுருங்க, எஸ்டர்ல பெரும்பங்கு அந்த முதல் தண்ணியிலயே வந்திருக்கும். ஜூஸ் கம்பெனிகள்லயும் இதைத்தான் பெரிய அளவுல பண்றாங்க, சாறை வத்த வைக்கும்போது முதல்ல கிளம்புற ஆவியைத் தனியா புடிச்சு, கடைசியில திரும்பச் சேப்பாங்க.

சூடே ஆகாதுன்னா காத்தை உறிஞ்சிட்டுக் காய்ச்சலாம், வாக்குவம்னு சொல்றது. வெளிக் காத்தோட அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், பாத்திரத்துக்குள்ள அதை 55க்கு இறக்கிட்டா தண்ணி 40 டிகிரியிலயே கொதிக்கும், நம்ம ஊரு அக்னி நட்சத்திர மத்தியான சூடு அவ்வளவுதான், பழத்து வாசனை சிதையாது. மாம்பழம், கொய்யா மாதிரி பழத்துக்கு அருமையான முறை. ஆனா இந்த எடத்துலதான் நம்ம கடற்கரையில பலரும் கோட்டை விடுறாங்க. 40 டிகிரியில கிளம்புற ஆவியைப் புடிக்க குளிர்ந்த தண்ணி வேணும், மே மாசத்துல நம்ம டேங்க் தண்ணியே முப்பதைத் தாண்டி இருக்கும், அதைக் குழாயில ஓட விட்டா பாதி ஆவி புடிபடாம பம்பு வழியா வெளிய போய்ரும், லேசான எஸ்டர்கள்தான் முதல்ல போகும், அதாவது பழத்தோட உயிரே போய்ரும். அறை மட்டும் கமகமன்னு இருக்கும். வாசனை அறையில அடிக்குதுன்னா அது பாட்டிலுக்குள்ள போகலன்னு அர்த்தம். இதுக்கு ஐஸ் போடணும், நம்ம பக்கம் ஐஸுக்குப் பஞ்சமில்ல, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம்னு படகு போற எடமெல்லாம் ஐஸ் கம்பெனி இருக்கு. ஐஸோட கல்லுப்பு கலந்தா சைபருக்கும் கீழ இருபது டிகிரி வரைக்கும் கூட இறங்கும், உப்பு வாலிநோக்கத்துல விளையுது. குளிர வைக்கிற ஏற்பாட்டுக்கு முதல் செலவு பண்ணுங்க, பானை என்ன உலோகம்னு அப்புறம் யோசிக்கலாம்.

காய்ச்சுற முறைக்கு ரெண்டு எச்சரிக்கை. குக்கர் விசில் எடத்துல குழாய் மாட்டி வடிக்கிறதா நிறைய வீடியோ இருக்கு, பழச்சதை நாரும் கூழுமா பொங்கி அந்தக் குழாயை அடைச்சா குக்கர் வெடிச்சுரும், அதனால மூடியை இறுக்கிப் பூட்டுற பாத்திரத்துல சதையைப் போட்டு இந்த வேலையைப் பண்ணவே பண்ணாதீங்க. இன்னொண்ணு, நம்ம ஊரு சூட்டுல பழக்கூழ் ஒரு ராத்திரி வெளிய இருந்தாலே புளிச்சுரும், பதநீர் கள்ளாகுற மாதிரியேதான், புளிச்சதைக் காய்ச்சுனா வர்றது சாராயம், 1937ல வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு, வாசனைக்காகன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. கூழைப் பிழிஞ்ச அன்னைக்கே வேலையை முடிங்க, முடியலைன்னா ஃப்ரீசர்ல வைங்க.

ஊறப்போடுற முறை கேக்க சுலபமா இருக்கும், இதுல எதுல ஊறப்போடுறோம்ங்கறதுதான் எல்லாமே. எண்ணெயில கரையுறது எண்ணெயில வரும், தண்ணியில கரையுறது தண்ணியில வரும், எத்தனால், அதாவது சாராயத்துல இருக்குற ஆல்கஹால், ரெண்டுக்கும் நடுவுல நிக்கும், அதனாலதான் உலகம் பூரா அதையே பயன்படுத்துறாங்க. வெனிலா ஒரு கொடியோட காய், அதுவும் ஒருவகைப் பழந்தான், அதோட எக்ஸ்ட்ராக்ட்ல குறைஞ்சது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்கணும்னு அமெரிக்காவுல சட்டமே இருக்கு. நம்ம ஊர்ல சுத்தமான எத்தனால் லைசென்ஸ் இல்லாம வாங்க முடியாது. அதுக்குப் பதிலா பெயிண்ட் கடையில கிடைக்கிற ஸ்பிரிட், தின்னர் இதையெல்லாம் யாரும் தொடாதீங்க, அதுல மெத்தனால் இருக்கலாம், கண்ணும் போகும் உயிரும் போகும். வீட்டுல பண்றவங்களுக்கு கிளிசரின், சீனிப் பாகு, தேங்காயெண்ணெய் இந்த மூணும் போதும். பாகு சாப்பிடுறதுக்கு, தேங்காயெண்ணெய் பூசுறதுக்கு. ஆனா பழத்துல தண்ணி அதிகம், அப்படியே எண்ணெயில போட்டா ரெண்டு மூணு நாள்ல பூசணம் புடிக்கும், நிழல்ல நல்லா உலத்தின தோலைத்தான் எண்ணெயில போடணும், உலத்தும்போதே கொஞ்சம் வாசனை போகும், அதை ஏத்துக்கத்தான் வேணும்.

தொழிற்சாலையில ஹெக்ஸேன் மாதிரி கரைப்பான் ஊத்தி எடுப்பாங்க. தங்கச்சிமடத்துல இருந்து மல்லிகை நாத்து எங்கெங்கயோ போகுதே, அந்தப் பூவு அப்படித்தான் பெரிய ஃபேக்டரிகள்ல 'கான்கிரீட்'னு சொல்ற மெழுகு மாதிரி வாசனைக் கட்டியா ஆகுது. பூவுக்கு அது சரி, சதைப்பழத்துக்கு சரிப்படாது, முக்காவாசிக்கு மேல தண்ணியா இருக்குற கூழும் ஹெக்ஸேனும் கலந்தா மோர் மாதிரி ஆகி பிரிக்கிறதுக்குள்ள தாவு தீந்துரும். உலந்த பழத்துக்குத்தான் அது லாயக்கு. இதுக்கு நம்ம மாவட்டத்துலயே உதாரணம் இருக்கு, 2023ல புவிசார் குறியீடு வாங்குன ராமநாதபுரம் முண்டு மிளகாய். மிளகாயும் பழந்தான். அதோட காரம் கேப்சைசின், அது ஆவியாகுற சாதி இல்ல, நாள் பூரா காய்ச்சுனாலும் வடியுற தண்ணியில காரம் வராது, வாசனை மட்டும் கொஞ்சம் வரும். காரம், நிறம், வாசனை மூணும் வேணும்னா கரைப்பான் ஊத்தி ஓலியோரெசின்னு கெட்டியா எடுக்குறாங்க. வீட்ல யாரும் ஹெக்ஸேன் வாங்கி முயற்சி பண்ணிராதீங்க, அடுப்பு இருக்குற எடத்துல அது பெட்ரோலுக்குச் சமம்.

கார்பன் டை ஆக்சைடு முறையைப் பத்தி நீட்டிப் பேச வேண்டியதில்ல. 31 டிகிரிக்கு மேல, காத்தழுத்தத்தைப் போல எழுபத்திமூணு மடங்குக்கு மேல அழுத்தம் குடுத்தா அந்த வாயு காத்தும் இல்லாம தண்ணியும் இல்லாம ஒரு நிலைக்கு வரும், வாசனையைக் கரைச்சு எடுக்கும், அழுத்தத்தை விட்டா வாயு பறந்துரும், மிச்சம் எதுவும் ஒட்டாது. சுத்தமான முறை, வாசனையும் பழத்துக்குக் கிட்டத்துல இருக்கும், விலைதான் ஒரு சின்ன தொழிலுக்கு எட்டாத உயரத்துல இருக்கு. மிளகு, ஏலக்காய்னு உலந்த விலையுள்ள சரக்குக்குக் கட்டுப்படியாகும், வாழைப்பழக் கூழுக்கு ஆகாது.

இன்னொரு வகை இருக்கு, எடுத்து விக்கிறதுக்காக இல்லாம, என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க மட்டும் எடுக்குறது. பழக்கூழை ஒரு சின்ன சீசாவுல போட்டு மூடி, கூழுக்கு மேல தேங்கி நிக்கிற காத்துல ஒரு முடி மாதிரி மெல்லிசான இழையை நீட்டி வைப்பாங்க, வாசனை அதுல ஒட்டிக்கும், அதை அப்படியே கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின்ல விட்டு என்னென்ன மூலக்கூறுன்னு பாப்பாங்க. கனடாவுல ஜானுஷ் பாவ்லிஷின்ங்கிறவர் 1990ல கொண்டு வந்தது இது. சீசாவுல நல்லா உப்பு அள்ளிப் போடுவாங்க, உப்பு தண்ணியைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்குறதால வாசனை மூலக்கூறுகளுக்கு தண்ணியில எடம் இருக்காது, காத்துக்கு வந்துரும். இதுல இன்னொரு விஷயமும் கத்துக்கலாம், பழத்தை அரைச்ச உடனே செல் உடைஞ்சு நொதிகள் வேலையை ஆரம்பிச்சுரும், சில நொடியிலயே புல்லு வெட்டுன மாதிரி பச்சை வாடை புதுசா உருவாகும், கொய்யாவுல நல்லாத் தெரியும். முழுப் பழத்தோட வாசனையும் அரைச்ச கூழோட வாசனையும் வேற வேறயா இருக்குறதுக்கு இது ஒரு காரணம்.

பனம்பழத்துக்கு வர்றேன். கீழக்கரையில சோப்பு போடுற ஒரு லாத்தா (அக்கா) கேட்டாங்க, "தம்பி, தாழம்பூவுல அத்தர் எடுக்குறாங்கண்டு சொல்றாங்க, பனம்பழத்துல எடுக்க ஏலாதா, எவ்வளவு வாடை வருது அதுல." ஆடி ஆவணியில சாயல்குடிப் பக்கம் நடந்து போனவங்களுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும், பழம் விழுந்த எடத்தைக் கண்ணால தேட வேண்டாம், மூக்கே காட்டிக் குடுக்கும். ஆனா அதுவும் சதைக்குள்ள தண்ணியில கரைஞ்சு கிடக்குற சாதிதான், அத்தர் மாதிரி எண்ணெய் நிக்காது. அதோட அந்தச் சதையில ஃபிளாபெல்லிஃபெரின்னு கசப்புப் பொருள் இருக்கு, சபோனின் வகை, சீயக்காய்ல நுரை வரக் காரணமான அதே சாதி. அதனால என்ன நடக்கும்னா, கிளிசரின்லயோ பாகுலயோ ஊறப்போட்டா வாசனையோட கசப்பும் சேந்து வரும். காய்ச்சுனா கசப்பு ஆவியாகாது, அது நல்லது, ஆனா நுரை பொங்கிக் குழாய் வரைக்கும் ஏறும், பாத்திரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல நிரப்பக் கூடாது, தீயும் சிம்ல இருக்கணும். நாரோட போடாம, தண்ணி விட்டுப் பிசைஞ்சு வடிகட்டுன கூழா இருந்தா அடிபுடிக்காது.

இதுக்கு முன்னாடி இன்னொண்ணை முடிவு பண்ணிக்கணும், பனம்பழத்துல எந்த வாசனை வேணும். மரத்தடியில விழுந்து கிடக்குற பச்சைப் பழத்து வாசனையா, இல்ல நெருப்புல சுட்டுத் தோலை உரிச்சுத் திங்கும்போது வர்ற வாசனையா. சுட்ட வாசனையில பாதி அந்தச் சூட்டுல புதுசாப் பிறந்தது, பச்சைப் பழத்துல அது இல்லவே இல்ல. பச்சை வாசனைக்கு வாக்குவமும் ஐஸும் வேணும், சுட்ட வாசனைக்கு பழத்தை முதல்ல சுட்டுட்டு அப்புறம் சாதாரணமா காய்ச்சுனாலே போதும், அது சூட்டுக்குப் பயப்படாத வாசனை. லாத்தாகிட்ட நான் சொன்னது, சோப்புக்கு இந்த வேலை வேணாம் லாத்தா. காஸ்டிக் சோடா எண்ணெயை உடைச்சுத்தான் சோப்பாக்குது, எண்ணெயும் ஒருவகை எஸ்டர்தான், கஷ்டப்பட்டு எடுத்த பழத்து எஸ்டரை மட்டும் அது சும்மா விடுமா, அதையும் உடைச்சுரும், சோப்பு ஆறி வெட்டும்போது பனம்பழம் இருந்த எடமே தெரியாது. அந்த முதல் வடிதண்ணியை கருப்பட்டிப் பாகுல கலந்து சர்பத்தாப் போடுங்க, அதுல எஸ்டரை உடைக்க ஆளில்ல, கருப்பட்டியும் பனையோடதுதான், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரும்.

வீட்ல ஒப்பிட்டுப் பாக்கணும்னா ஒரே கடையில ஒரே நாள் வாங்குன பழத்தை எடுத்துக்கங்க. ஒரு பங்கு சீனியில, ஒரு பங்கு கிளிசரின்ல, ஒரு பங்கு காய்ச்சி. வடிகட்டுற தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொண்ணுலயும் நுனியைத் தோய்ச்சு, பேரு எழுதி, ஃபேன் காத்து படாத எடத்துல தொங்க விடுங்க. உடனே ஒருதரம், அரை மணி கழிச்சு ஒருதரம், மறுநாள் காலையில ஒருதரம் மோந்து பாருங்க. உடனே பலமா இருந்து அரை மணியில காணாமப் போறது லேசான எஸ்டர், மறுநாள் வரைக்கும் நிக்கிறது கனமான பொருள். பக்கத்துல வெட்டுன பழத்தையும் வச்சுக்கங்க, அதோட ஒப்பிடாம எதையும் நல்லாருக்கு நல்லால்லைன்னு சொல்லிராதீங்க. மீன் கழுவுன அன்னைக்கு இந்த வேலை வேணாம், மூக்கு ஏற்கனவே களைச்சுப் போயிருக்கும்.

எடுத்ததைக் காப்பாத்துறதும் எடுக்குற அளவுக்கு முக்கியம். எலுமிச்சை எண்ணெய் காத்துபட்டா லிமோனீன் ஆக்சிஜனோட சேந்து பெயிண்ட் வாடைக்கு மாறும், அப்படிக் கெட்டுப்போன எண்ணெய் தோல்ல அரிப்பும் அலர்ஜியும் உண்டாக்கும், வாடை மாறுனதைக் கொட்டிருங்க, மலிவா இருக்கேன்னு சோப்புல போடாதீங்க. பாதி காலியா இருக்குற பெரிய பாட்டில் வேணாம், சின்னச் சின்ன பழுப்பு நிற கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் நிரப்பி ஃப்ரிட்ஜ்ல வைங்க. பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது, லிமோனீன் சில பிளாஸ்டிக்கை இளக வைக்கும், பிளாஸ்டிக்கும் வாசனையை உறிஞ்சிக்கும். பழத்துல வடிச்ச தண்ணியில எண்ணெய் இல்லாததால அது இன்னும் சீக்கிரம் கெடும், ஃப்ரிட்ஜ்ல வச்சும் ஒரு வாரத்துக்குள்ள தீத்துருங்க, இல்லைன்னா ஐஸ் ட்ரேயில ஊத்தி ஃப்ரீசர்ல கட்டியாக்கி, வேணுங்கறப்ப ஒரு கட்டி எடுத்து சர்பத்துல போடுங்க.